வண்டியோடு வந்த மேப்பும் கையோடு வந்த மேப்பும்

என்னோடு வேலை செய்த பெண் ஒருத்தி கார் வாங்கப் போகிறாள். இரண்டு வாரம் முன்னால் போன் செய்து, "அக்கா, நேவிகேஷனோட வர்ற மாடலுக்குக் கூடவே நிறைய காசு கேக்கறாங்க. அதையே எடுத்துடவா, இல்ல போனை ஹோல்டர்ல மாட்டிக்கிட்டு ஓட்டிக்கலாமா?" என்றாள். அவளும் என்னைப் போலவே பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்கள் என்று வீட்டை விட்டு நகர முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை. வேலூர் டவுனுக்குள் மட்டும் என்றால் ஸ்கூட்டி போதும். அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம், பொன்னை, ஆலங்காயம் என்று போகும்போது கார் வேண்டும், வழியும் தெரிய வேண்டும். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் தனிப் பெட்டி, வண்டியோடு வந்த நேவிகேஷன், போன் என்று மூன்றையும் வைத்து ஓட்டிவிட்டேன். போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2013-ல் வாங்கிய என் முதல் கார் செகண்ட் ஹேண்ட். அதன் முன்கண்ணாடியில் ஐந்து அங்குலத் திரை உள்ள நேவிகேஷன் பெட்டி ஒன்றை ரப்பர் கப்பால் ஒட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு என் கையில் இருந்தது பட்டன் போன். பெட்டிக்கு சிம்மும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். மேப் முழுக்க உள்ளேயே மெமரி கார்டில் இருக்கும். ஊர்ப் பெயரை அடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே இரண்டு விஷயம் புரிந்தது.

தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளவே பெட்டிக்கு நேரம் பிடிக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலாவது கிடைத்தால்தான் இடத்தைச் சரியாகக் கணக்குப் போட முடியும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தையும் அவையேதான் மெதுவாக அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த முழுத் தகவலும் ஒரு சுற்று வந்து முடியப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். ஒரு மாதம் அணைத்து வைத்திருந்த பெட்டியை சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுத் தகர ஷெட்டுக்குள் ஆன் செய்தால் அது தேடிக்கொண்டே இருக்கும். வண்டியை வெளியே எடுத்து, வானம் தெரிகிற இடத்தில் அசையாமல் நிறுத்தி, புள்ளி வந்த பிறகுதான் கிளம்புவேன். இன்றைய போன்கள் இதே விவரத்தை செல்போன் டவர் வழியாகச் சட்டென்று வாங்கிக்கொள்கின்றன. அந்தக் காத்திருப்பே நமக்கு மறந்துபோய்விட்டது.

அப்புறம் ஊர்ப் பெயர். அணைக்கட்டுக்குப் போக வேண்டும். காதில் விழுகிறபடி ஆங்கில எழுத்தில் அடித்தேன். பெட்டி கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆனைகட்டியை எடுத்துக் கொடுத்து, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றது. வெள்ளைக்காரன் காலத்து எழுத்துக்கூட்டல், கடைசியில் சி, யு, டி என்று முடியும், அதைப் போட்டால்தான் நம்ம அணைக்கட்டு வந்தது. திருவலத்துக்கு 'எல்' ஒன்றா இரண்டா, ஒடுகத்தூருக்கு 'ஜி'யா 'கே'யா என்று ஒவ்வொரு ஊருக்கும் இதே பாடு. புதூர் என்று அடித்தால் வரிசையாக இருபது புதூர் வரும். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயர் சரியாக வந்ததா என்பதோடு தூரத்தையும் பார்ப்பேன். முக்கால் மணி நேரத்தில் போகக்கூடிய ஊருக்கு எண்பது கிலோமீட்டர் காட்டினால் வண்டியை எடுக்க மாட்டேன். இன்றைக்குப் போனிலும் இதைத்தான் செய்கிறேன்.

இதெல்லாம் சின்னத் தொல்லை. அந்தப் பெட்டியில் நான் உண்மையாகவே பயந்தது ஒரு மே மாதப் பகலில். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வண்டியை இரண்டு மணி நேரம் வெயிலில் விட்டால் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. பள்ளிகொண்டாவில் ஒரு பாட்டிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்து ஏறினேன். நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். சூட்டில் இளகிப்போயிருந்த ரப்பர் கப் கண்ணாடியை விட்டது. பெட்டி டேஷ்போர்டில் மோதி, என் மடியில் பட்டு, கீழே போனது. முன்னால் ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதிதான் இறங்கியது. பெட்டி அதன் பின்னால் போய்ச் சிக்கியிருந்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரமாக மண்ணில் இறக்கி நிறுத்தினேன். லாரிக்கும் எனக்கும் ஒரு வண்டி நீளம் இடைவெளி இருந்திருக்கும். இறங்கிப் பார்த்தபோது பெட்டி இன்னும் பேசிக்கொண்டிருந்தது. 'நேராகச் செல்லவும்' என்றது.

அதற்குப் பிறகு முன்கண்ணாடியில் எதையும் ஒட்டுவதில்லை. பெட்டியோ போனோ, கையால் பிடித்து ஆட்டினாலும் அசையாத இடத்தில், கழன்றாலும் பெடல் பக்கம் போகாத இடத்தில் இருக்க வேண்டும். டேஷ்போர்டின் நடுவில், கியர் பக்கமாக. மலிவு ஹோல்டர் வாங்காதீர்கள். அதில் மிச்சம் பிடிக்கிற இருநூறு ரூபாய்க்கு எந்த அர்த்தமும் இல்லை.

2018-ல் புது கார் எடுத்தேன். நேவிகேஷன் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. கழன்று விழ எதுவும் இல்லை, ஒயர் தொங்கவில்லை. குரல் வண்டியின் ஸ்பீக்கரிலேயே தெளிவாகக் கேட்டது. கண்ணைச் சாலையிலிருந்து அதிகம் திருப்பாமல் பார்க்கிற உயரத்தில் திரை. வெயிலிலும் மங்காது. ஆன்டெனா கூரைமேல் இருப்பதால் வானம் அதற்கு நன்றாகத் தெரியும்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஆஸ்பத்திரி பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து மேலே வரும்போது, போன் மேப்பில் புள்ளி எங்கோ பக்கத்துத் தெருவில் தத்தளிக்கும். வண்டியின் மேப்போ சரியான இடத்தில், சரியான திசையைப் பார்த்தபடி நிற்கும். சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதை வண்டிக்குள் இருக்கும் சென்சார்கள் கணக்கு வைத்துக்கொண்டே வருகின்றன. சிக்னல் இல்லாத நேரத்தை அந்தக் கணக்கில் ஓட்டிவிடும். இது புதிதும் இல்லை. 1981-ல் ஜப்பானில் ஹோண்டா விற்ற வழிகாட்டிக் கருவியில் செயற்கைக்கோளே கிடையாது. ஓடிய தூரத்தையும் திரும்பிய பக்கத்தையும் மட்டும் வைத்து, ஒளி ஊடுருவுகிற மேப் தாளின் மேல் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டியது. நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த யோசனைதான் இன்றைக்கும் பேஸ்மென்ட்டில் கைகொடுக்கிறது.

ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மேப்புக்கு வயசாக ஆரம்பித்தது.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. ராணிப்பேட்டை தனி, திருப்பத்தூர் தனி. என் வண்டிக்கு மட்டும் அரக்கோணமும் சோளிங்கரும் வேலூர் மாவட்டத்திலேயே இருந்தன. அதனால் பெரிய நஷ்டம் இல்லை. பழைய பெட்டியிலும் இதே கதை. 2010-லேயே சாலை எண்கள் மாறி கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை போகிற சாலை 48 ஆகிவிட்டது. பெட்டி 46 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பலகையில் ஒரு எண், காதில் ஒரு எண். தெரிந்தவர்களுக்குப் பரவாயில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். புதிதாகப் போட்ட இணைப்புச் சாலை, ஒருவழியான தெரு, புது நகர்கள் எதுவும் தெரியாமல் ஓட்டியபோதுதான் வலித்தது. சாலையே இல்லாத வெற்றிடத்தில் என் வண்டி அம்புக்குறி மிதந்துபோகும். குரல் விடாமல் திரும்பச் சொல்லும். பழைய பெட்டிக்காவது வீட்டுக் கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகி மேப்பைப் புதுப்பித்துக்கொள்வேன். இதற்கு சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையில் ஒரு நல்ல போனே வாங்கலாம். நான் புதுப்பிக்கவில்லை.

வண்டி பத்துப் பதினைந்து வருடம் ஓடும். மேப் இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். இரண்டையும் ஒரே விலையில் சேர்த்துக் கட்டி விற்கிறார்கள். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

என்னைப் போல வீடு தேடிப் போகிறவர்களுக்கு இன்னொரு பெரிய தடை உண்டு. இப்போதெல்லாம் நோயாளி வீட்டார் யாரும் விலாசம் சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புகிறார்கள். அதைப் போனில் தொட்டால் வழி வந்துவிடும். என் வண்டியின் மேப்பில் அதை ஏற்ற வழியே கிடையாது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கையால் அடிக்கலாம் என்று கண்டுபிடித்து, ஒருநாள் அப்படிப் போட்டேன். பல கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்குவாரி ஓரம் கொண்டுபோய் நிறுத்தியது. போன் தருவது புள்ளி வைத்த பாகை, அதாவது டிகிரி. வேலூர் என்றால் சுமார் 12.92 என்று இருக்கும். வண்டி கேட்டதோ பாகையும், பாகையை அறுபதாகப் பிரித்த கலையும். 12.92 என்பது 12 பாகை 92 கலை ஆகாது. கலை அறுபதோடு முடிந்துவிடும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அறுபதால் பெருக்க வேண்டும். 0.92-ஐ அறுபதால் பெருக்கினால் 55.2. ஆக 12 பாகை 55.2 கலை. தெரிந்த பிறகு சுலபம்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு வீடு பார்க்கிறவள் ஒவ்வொரு வாசலிலும் இந்தக் கணக்கைப் போட முடியாது. அதனால் மெல்ல மெல்ல ஹோல்டரில் போனை மாட்டுவதற்கு மாறினேன்.

போனுக்கு வேலூரில் எதிரி வெயில். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூட்டில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊரில் மே மாதம் நிழலிலேயே அதற்கு மேல் இருக்கும். மற்ற போன்களும் பெரிதாக வேறுபடாது. ஜிபிஎஸ் ஓடுகிறது, திரை முழு வெளிச்சத்தில் எரிகிறது, சார்ஜும் ஏறுகிறது, கண்ணாடி வழியாக வெயிலும் நேராக அடிக்கிறது. முதலில் சார்ஜ் நிற்கும், பிறகு திரை மங்கும், கடைசியில் சூடாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அணைந்துபோகும். காட்பாடி மேம்பாலத்து நெரிசலில் ஒருமுறை எனக்கு அப்படி ஆனது. இப்போது ஹோல்டரை ஏசி காற்று வருகிற இடத்தில் மாட்டுகிறேன். உறையைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டுவேன். வண்டியை நிறுத்தும்போது போன் என்னோடு இறங்கிவிடும். வெயில் காலத்தில் இந்த மூன்றும் செய்தால் போதும், போன் தாங்குகிறது.

போன் அழைப்பு வந்து மேப்பை மறைப்பதுதான் இன்னொரு தொல்லை. நோயாளி வீட்டிலிருந்து, 'எங்கே வர்றீங்க' என்று கேட்கத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் சரியாகத் திருப்பம் வரும்போது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, ஓட்டும்போது கைக்கருவியை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் கெடாத விதத்தில் பயன்படுத்தலாம். விதி இருக்கட்டும், நான் கிளம்பும் முன்பே விலாசத்தைப் போட்டுவிடுவேன். மாற்ற வேண்டுமானால் ஓரமாக நிறுத்தித்தான் மாற்றுவேன்.

அவள் குறிப்பாகக் கேட்டது சவ்வாது மலையைப் பற்றி. "மலையில சிக்னலே இருக்காதே அக்கா, அப்போ வண்டியிலேயே இருக்கறதுதானே நல்லது?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் இடுப்பு முறிந்த பெரியவர் ஒருவரைப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கினேன். வானம் இருட்டாக இருக்கிறது என்றுதான் காவலூரில் தொலைநோக்கி நிலையமே வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதை எவ்வளவு இருட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிரிவில் வண்டியை நிறுத்திப் போனைப் பார்த்தேன். திரை முழுக்க வெறும் சாம்பல் கட்டங்கள். நடுவில் நீலப் புள்ளி மட்டும் இருந்தது. சாலை இல்லை, ஊர் இல்லை. வண்டியின் பழைய மேப்பைப் போட்டேன். அதில் சாலையும், அடுத்து வரும் வளைவும், ஆலங்காயம் எத்தனை கிலோமீட்டர் என்பதும் இருந்தது. மலைச் சாலைகள் அத்தனை சீக்கிரம் மாறுவதில்லை. பழைய மேப் அன்றைக்கு என்னைப் பத்திரமாக இறக்கியது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்த நீலப் புள்ளி மனதில் நின்றது. போனுக்கு இடம் தெரிந்திருக்கிறது! செயற்கைக்கோள் சிக்னல் வேறு, செல்போன் சிக்னல் வேறு. ஜிபிஎஸ் வானொலி மாதிரி, வருவதை வாங்கிக்கொள்வது மட்டும்தான். சிம் இல்லாத போனிலும் வேலை செய்யும். போனிடம் இல்லாமல் போனது மேப் படம் மட்டுமே. அதை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் மேப் என்ற வசதி இருக்கிறது. ஆம்பூரிலிருந்து போளூர் வரை, மலை முழுவதும் அடங்குகிற ஒரு கட்டத்தை வை-ஃபையில் இறக்கினேன். அடுத்த முறை மலையில் சிக்னல் போன பிறகும் போன் வழி சொன்னது. நெரிசல் விவரம் மட்டும் வராது. மலையில் அது எதற்கு? இறக்கியதற்குக் காலாவதி உண்டு என்பதால் மாதம் ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன். ஆக, மலைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன்.

எந்தக் கருவியாலும் ஆகாத இடமும் உண்டு. சத்துவாச்சாரி, கிரீன் சர்க்கிள் பக்கம் நெடுஞ்சாலையும் சர்வீஸ் ரோடும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. திறந்த வானத்திலேயே போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தப்பும். சர்வீஸ் ரோடோ அந்த அளவு தூரத்தில்தான் இருக்கிறது. மேம்பாலத்தின் மேலேயா கீழேயா என்பதும் சரியாகத் தெரியாது. பெட்டி, வண்டி, போன் மூன்றுமே அங்கே என்னைத் தவறவிட்டிருக்கின்றன. அங்கே பலகையைப் பார்த்து ஓட்டுகிறேன்.

2021 நவம்பரில் பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் வெள்ளம் வந்தபோது, மேப் ஒரு தரைப்பாலத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. சாலை இறங்குகிற இடத்தில் ஒரு பெரியவர் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். "யம்மா, போவாத. காலையில ஒரு மாட்டையே இட்டுனு பூடுச்சி. கூட்ரோட்டுக்குத் திரும்பிப் போயி மேம்பாலத்தால வா" என்றார். முக்கால் மணி நேரம் சுற்றினேன். மழைக் காலத்தில் இப்போது ஆற்றைக் கடக்கும் முன் நோயாளி வீட்டுக்குப் போன் செய்து தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

இவ்வளவையும் வைத்து அவளுக்கு நான் சொன்னது இதுதான். மேப்புக்காக மேல் மாடல் எடுக்காதே. ஆனால் போனைக் காட்டக்கூடிய திரை உள்ள மாடலாகப் பார், ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே என்பார்கள். திரை வண்டியுடையது, மேப் போனுடையது. வாட்ஸ்அப் லொகேஷன் நேராக வந்துவிடும், அழைப்பும் ஓரமாகத்தான் வரும். போன் நிழலில் இருக்கலாம். சில வண்டிகளில் கூரை ஆன்டெனாவின் கணக்கையும் போன் எடுத்துக்கொள்ளும். ஷோரூமில் அவர்கள் போனை வைத்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதே. உன் போனைச் செருகி, உனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தைத் தமிழிலேயே தேடிப் பார். மதிய வெயிலில் போய்த் திரை தெரிகிறதா என்று பார். வண்டியிலேயே மேப் இருந்தால் எத்தனை வருடம் இலவசமாகப் புதுப்பிப்பார்கள், வீட்டிலேயே செய்ய முடியுமா என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்கு. பழைய வண்டி எடுப்பதானால் போனைக் காட்டுகிற திரையை வெளியில் பொருத்திக்கொள்ளலாம், மின் ஒயரை வெட்டாமல் செருகிப் பொருத்துகிறவரிடம் கொடு.

அவளிடம் சொல்ல விட்டுப்போன ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். போன வருடம் அந்த 2018 வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். சாவியைக் கொடுக்கப் போன பிறகுதான் நினைவு வந்தது. அந்த மேப்புக்குள் ஆறு வருடத்து நோயாளிகளின் வீடுகள் இருந்தன. பெயர், ஊர், சிலருக்கு என்ன நோய் என்று நானே சுருக்கமாகப் போட்ட குறிப்பு. புளூடூத்தில் ஏறிய போன் எண்கள் வேறு. அடுத்து வாங்குகிறவர் பட்டனைத் தட்டினால் எல்லாம் வந்து நிற்கும். மொத்தமாக அழிக்கிற 'ஃபேக்டரி ரீசெட்' அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதை ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம், நீங்களும் வண்டியை விற்கும் முன் மறக்காமல் செய்யுங்கள். நான் அன்றைக்கு அந்த பட்டனை உடனே அழுத்தவில்லை. விற்பனைப் பையனிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் பட்டியலை ஒவ்வொன்றாக இறக்கிப் படித்தேன். ஒடுகத்தூர் தாத்தா, பொன்னை டீச்சர், மலை மேல் இருந்த அந்தப் பெரியவர். இன்னும் சிகிச்சையில் இருக்கிற பதினோரு பேரின் இடத்தைப் போனில் குறித்துக்கொண்டேன். பிறகு அழுத்தினேன்.